காவிரி டெல்டாவில் இருந்தபடியே தொலைதூரக் கல்வியில் மார்க்கெட்டிங் பட்டம்: சேருவதிலிருந்து சான்றிதழ் வரை

தொலைதூரக் கல்வியில் மார்க்கெட்டிங் படிக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பட்டம் கைக்கு வந்ததும் அதை எங்கே கொண்டுபோய்க் காட்டப் போகிறீர்கள் என்பதைத்தான். கேம்பஸ் இண்டர்வியூவில் உட்கார்ந்து பெரிய கம்பெனிக்குப் போக நினைப்பவர், வயதும் வசதியும் இடம் கொடுத்தால், திருச்சியிலோ சென்னையிலோ நல்ல கல்லூரியில் ரெகுலராகச் சேர்வதுதான் சரி, ஏனென்றால் தொலைதூரப் படிப்பில் அந்த வாசல் பெரும்பாலும் கிடையாது. ஆனால் மன்னார்குடியில் உரக்கடை வைத்திருப்பவர், பாபநாசத்தில் ரைஸ் மில்லின் ஆர்டர் பார்ப்பவர், திருவாரூரில் டிராக்டர் ஷோரூமில் சேல்ஸில் இருப்பவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு வீட்டிலிருந்தே புடவை விற்கும் பெண் என இவர்களுக்கெல்லாம் இதைவிடப் பொருத்தமான படிப்பு குறைவு. பாடத்தில் வரும் சரக்கு, விலை, விற்பனை வழி, விளம்பரம் நான்கும் அவர்கள் தினமும் கை வைக்கிற விஷயம். புத்தகத்தையும் கடையையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் இந்தப் பட்டம் நிச்சயம் பயன் தரும். பேப்பருக்காக மட்டும் சேர்ந்தால் பணமும் இரண்டு மூன்று வருடமும் போய்விடும்.

எந்தப் பட்டம்

பிளஸ் டூ முடித்தவருக்கு பிபிஏ அல்லது பிகாம். இவற்றில் மார்க்கெட்டிங் என்பது சில தாள்கள்தான், மீதி கணக்குப்பதிவியல், சட்டம், பொருளாதாரம் என்று போகும். மார்க்கெட்டிங்கையே முழுதாகப் படிக்க வேண்டும் என்றால் எம்பிஏ மார்க்கெட்டிங் அல்லது முதுநிலை டிப்ளமோ. எம்பிஏவுக்குப் பிகாம் முடித்திருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி எதுவும் இல்லை, பி.ஏ. தமிழ் முடித்தவரும் பி.எஸ்சி. முடித்தவரும் சேரலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) எம்பிஏவுக்குப் பட்டப்படிப்பில் பொதுப்பிரிவினர் 50 சதவீதமும் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 45 சதவீதமும் எடுத்திருந்தால் போதும்.

நம் பக்கத்திலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுபவை 1985இல் தொடங்கிய இக்னோ, 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், திருச்சியில் பாரதிதாசன், காரைக்குடியில் அழகப்பா, சிதம்பரத்தில் அண்ணாமலை, அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகம். எது பக்கம் என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்த மொழியில் எழுதப் போகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். இக்னோ எம்பிஏ என்றால் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், தமிழ் வழியிலும் சில படிப்புகளைத் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. உங்கள் படிப்புக்குத் தமிழில் பாடநூலும் உண்டா, தேர்வும் உண்டா என்று இரண்டையும் தனித்தனியாக விவரக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு வேலையும் மனதில் இருந்தால் ஒரு விஷயம். பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் கறாரான விதி. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய பட்டம் அங்கே செல்லாது. அப்படிப்பட்டவர்கள் முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டு வருவதே நல்லது.

கல்லூரியில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவருக்கும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொடுத்த வழிகாட்டுதல்படி ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகள் படிக்கலாம். ஒன்று ரெகுலர், இன்னொன்று தொலைதூரம் என்றால் வகுப்பு நேரம் மோதாது. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டே பிபிஏவும் முடிக்கலாம், இரண்டு தேர்வும் ஒரே வாரத்தில் வந்தால் சமாளிக்க முடியுமா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகக் கடந்து போகாதீர்கள். யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுக்கு டெப் என்று பெயர், அதற்கென்று தனி இணையதளம் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பை, எந்தக் கல்வியாண்டில், ஜனவரி பருவத்துக்கா ஜூலை பருவத்துக்கா, தொலைதூர முறையிலா ஆன்லைன் முறையிலா நடத்தலாம் என்று அதில் பட்டியல் போட்டிருப்பார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பின் பெயர், நீங்கள் சேரும் வருடத்துக்கு நேராக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள், பத்து வருடம் கழித்து யாராவது கேட்டால் காட்ட அதுதான் கையில் இருக்கும். மேலாண்மைப் படிப்பு என்பதால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) ஒப்புதல் பற்றி விவரக் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் படியுங்கள்.

பெயர் பெற்ற பல்கலைக்கழகம், இதையெல்லாம் பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். டெல்டாவில் பல வீடுகளில் ஒருவராவது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் பட்டம் வைத்திருப்பார், அவ்வளவு பழைய, பெரிய பெயர். அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரை மட்டுமே அங்கீகாரம் இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பே வெளியிட்டது. இடையில் சேர்ந்தவர்கள் பட்ட மனக்கஷ்டம் கொஞ்சமல்ல. அங்கீகாரம் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியது, அதனால் அண்ணன் படித்தார், அக்கா படித்தார் என்பதை வைத்து எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேராதீர்கள், உங்கள் வருடத்துப் பட்டியலைப் பாருங்கள்.

அடுத்தது மையங்கள். மாநிலப் பல்கலைக்கழகமும் தனியார் பல்கலைக்கழகமும் தொலைதூர முறையில் தங்கள் எல்லையைத் தாண்டி மையம் வைக்கக் கூடாது, ஃபிரான்சைஸ் கொடுத்து மையம் நடத்துவதற்கும் தடை. எங்கோ வடக்கே இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் போர்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் மாட்டிக்கொண்டு, ஒரே வருடத்தில் மூன்று வருட டிகிரி, தேர்வுக்கு வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் சொன்னால் அந்த மாடிப்படியை இறங்கிவிடுங்கள். ஆன்லைன் முறையில் நடக்கும் பட்டத்துக்கு எல்லைக் கட்டுப்பாடு இல்லை, அதற்கும் டெப் பட்டியலில் தனி வரிசை இருக்கிறது.

முறையாக அங்கீகாரம் உள்ள இடத்தில் வாங்கிய தொலைதூரப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்துவிட்டது. "கரஸ்ல படிச்சதுதானே" என்று யாராவது இழுத்தால் பதில் சொல்ல அது போதும்.

இனிஷியல் தகராறு

இப்போது சேர்க்கைக்கு முன் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று ஏபிசி ஐடி, மதிப்பெண் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் கணக்கு, டிஜிலாக்கர் வழியாக ஆதாரை வைத்து எடுக்கலாம். அதை வைத்து டெப் தளத்தில் டெப் ஐடி எடுக்க வேண்டும், 2024 செப்டம்பரில் தொடங்கிய சேர்க்கையிலிருந்து இது கட்டாயம். இரண்டும் இலவசம்.

வேலை சுலபம்தான், நம் ஊர்ப் பெயர்களில்தான் சிக்கல். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் வந்து ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும், கல்யாணமான பெண்களுக்குக் கணவர் பெயர் வேறு சேர்ந்திருக்கும். கணினிக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். விண்ணப்பிக்க நினைக்கும் நாளுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் தரையில் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு, ஆதாரைத் திருத்துவது எளிது, ஆகவே ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஒத்துவரும்படி தபால் நிலையத்திலோ ஆதார் மையத்திலோ மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும்.

விண்ணப்பத்தை பிரௌசிங் சென்டரில் போட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள். இமெயில் உங்களுடையதாக, பாஸ்வேர்டு உங்கள் நோட்டில் எழுதியதாக இருக்கட்டும். கடைக்காரரின் மெயிலைக் கொடுத்துவிட்டு, ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் கடை மூடியிருப்பதைப் பார்த்துத் தவிப்பவர்கள் நிறைய.

ஜனவரியா ஜூலையா

சேர்க்கை வருடத்தில் இரண்டு தடவை, ஜனவரியை ஒட்டி ஒன்று, ஜூலையை ஒட்டி ஒன்று. இக்னோ தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும். இந்த நான்கு மாதங்களையும் நம் வயல் கணக்கோடு வைத்துப் பாருங்கள், அப்போதுதான் எங்கே இடிக்கும் என்று தெரியும்.

ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்பது வழக்கம். தண்ணீர் வந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும், உரக்கடைக்காரருக்கும் டிராக்டர்காரருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது, அதே வாரங்களில் ஜூன் தேர்வு. செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றாக நிற்கும்போது அசைன்மெண்ட் கடைசித் தேதி வந்து நிற்கும். டிசம்பர் தேர்வு வடகிழக்குப் பருவமழையோடு வரும், இழுத்துக்கொண்டு போனால் பொங்கலைத் தொடும். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை, கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு, பணம் வங்கியில் ஏறும் காலம்.

இதிலிருந்து என் கருத்து இதுதான். விவசாய வருமானத்தை நம்பிக் கட்டணம் கட்டும் குடும்பம் ஜனவரி பருவத்தில் சேர்வது நல்லது, கடன் வாங்காமல் முதல் கட்டணம் கட்ட வாய்ப்பு அதிகம், பிப்ரவரி முதல் மே வரை படிக்க வெயில்தான் இடைஞ்சலே தவிர வேலை குறைவு. ஜூலையில் சேர்ந்தால் விதைக்கும் உரத்துக்கும் போன பணத்தோடு கட்டணமும் மோதும். மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, எப்போது மனது வருகிறதோ அப்போது சேரலாம். எதில் சேர்ந்தாலும் அசைன்மெண்ட்டை அறிவித்த மாதமே எழுதத் தொடங்குங்கள், அறுவடை நேரத்துக்கு மிச்சம் வைக்காதீர்கள்.

ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு, நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். ஒரு பருவத்தில் ஐந்து தாள் என்றால் 600 மணி நேரம், ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வருகிறது. இது ஏட்டுக் கணக்கு, பழகிய பாடத்துக்குக் குறையும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் படித்து எம்பிஏ முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நேரம் இல்லாதவர் எழுதும் தாள்களைப் பிரித்துக்கொள்ளலாம், இரண்டு வருட எம்பிஏவை முடிக்க நான்கு வருடம் வரை அவகாசம் தரும் ஏற்பாடு இக்னோவில் இருக்கிறது. இன்னொன்று, அடுத்த பருவத்துக்கு மறுபதிவு செய்து பணம் கட்டுவது உங்கள் பொறுப்பு. போன தேர்வின் முடிவு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, காத்திருந்தால் தேதி போய்விடும்.

கடைத்தெருவை வைத்துப் படிப்பது

பாடநூல் அச்சாக வீட்டுக்கு வரும், அல்லது மென்பிரதியாக எடுத்துக்கொள்ளலாம். இக்னோவின் பாடங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே இருக்கின்றன, சேர்வதற்கு முன்பே ஒரு மார்க்கெட்டிங் பாடத்தை இறக்கிப் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். அந்தப் பத்துப் பக்கம் சுவையாக இருக்கிறதா என்பதை வைத்தே முடிவெடுக்கலாம். ஸ்வயம் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் மார்க்கெட்டிங் வகுப்புகள் வீடியோவாக இருக்கின்றன, பார்க்கக் கட்டணம் இல்லை.

படிக்கும் முறைக்கு வருகிறேன். ஜெரோம் மெக்கார்த்தி 1960இல் சொன்ன நான்கு பி, அதாவது பொருள், விலை, இடம், விளம்பரம், எல்லாப் புத்தகத்திலும் முதல் பாடம். எடுத்துக்காட்டுக்கு அமெரிக்க சோப்பும் குளிர்பானமும் இருக்கும். நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ஒரு விவசாயி சாதாரண சம்பா நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போடுகிறார், 40 கிலோ மூட்டை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், விலையை அரசு சொல்லும், வாங்குவதும் அரசுதான். இங்கே நான்கு பியில் அவர் கையில் எதுவுமே இல்லை. அவரே ஒரு ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பாவோ கருப்புக் கவுனியோ போட்டு அரிசியாக்கி விற்கப் போனால் நான்கும் அவர் தலையில் விழும். எத்தனை கிலோ பை, தவிட்டோடா தீட்டியா, கிலோ என்ன விலை, தஞ்சாவூர் உழவர் சந்தையிலா சென்னைக்குப் பார்சலிலா, யாரிடம் என்ன சொல்லி விற்பது? திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் பாரம்பரிய விதைகளைத் திருவிழாவாக நடத்திப் பரப்பினாரே, ஒரு பொருளுக்கு விலை உயர்வதற்கு முன் அதன் கதை மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

விலை நிர்ணயம் படிக்கும்போது கும்பகோணம், திருவாரூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கோடைப் பருத்திக்கு நடக்கும் மறைமுக ஏலத்தை ஒரு நாள் நின்று பாருங்கள். வியாபாரிகள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அன்றைய விலை எப்படி நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சந்தைப் பிரிப்பு படிக்கும்போது வெற்றிலைக் கடைக்குப் போங்கள், கல்யாண மண்டபத்துக்கு ஒரு ரகம், பீடாக் கடைக்கு ஒரு ரகம், தினம் ஒரு கவுளி வாங்கும் பாட்டிக்கு ஒரு ரகம், ஒரே கொடியின் இலையே வேறு வேறு ஆளுக்கு வேறு வேறு விலைக்குப் போகும். நுகர்வோர் நடத்தைக்கு நெல் பணம் கணக்கில் ஏறும் வாரங்களில் பைக் ஷோரூமிலும் நகைக்கடையிலும் நடப்பதைக் கவனித்தாலே அரைத்தாள் எழுதிவிடலாம்.

அசைன்மெண்ட், புராஜெக்ட்

இக்னோவில் பொதுவாக 30 சதவீதம் அசைன்மெண்ட், 70 சதவீதம் தேர்வு. அந்த முப்பது உங்கள் கையில் இருக்கிற மதிப்பெண், வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுவது. ஆனால் விற்பனைக்கு வரும் ரெடிமேட் விடைகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் தேர்வில் அதே கேள்வி வந்தாலும் முழிப்பார்கள். ஒரு விடைக்கு, முதலில் கோட்பாட்டை இரண்டு மூன்று பத்தியில் சொல்லுங்கள், அப்புறம் உங்கள் ஊர் உதாரணம், அப்புறம் அந்தக் கோட்பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை. கடைசிப் பகுதியை எழுதுகிறவர் குறைவு, திருத்துகிறவர் கண்ணில் அதுதான் படும். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், ஒரு நகல் செல்போனில் இருக்கட்டும்.

புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டியதே இல்லை. திருபுவனம் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணத்தில் புடவை வாங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும், தெரிந்தவர் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தயாரா? நாச்சியார்கோவில் குத்துவிளக்கை ஆன்லைனில் விற்பதில் பேக்கிங்கும் எடையும் எவ்வளவு தடை? தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைச் சுற்றுலா வந்தவர் வாங்குகிறாரா, உள்ளூர்க்காரர் கொலுவுக்கு வாங்குகிறாரா? நாகப்பட்டினத்தில் படகிலிருந்து இறங்கும் மீன் எத்தனை கை மாறிச் சமையலறைக்குப் போகிறது, ஒவ்வொரு கையிலும் விலை எவ்வளவு ஏறுகிறது? இதில் எதை எடுத்தாலும் உண்மையான ஆய்வு.

தலைப்பை முடிந்தவரை குறுக்குங்கள். டெல்டா முழுவதும் என்று போடாமல் ஒரு ஊர், ஒரு பொருள், ஒரு வகை வாங்குபவர் போதும். கேள்வித்தாளைத் தமிழில் தயாரித்து, முதலில் தெரிந்த நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்து, புரியாத கேள்வியை மாற்றிவிட்டுப் பிறகு களத்துக்குப் போங்கள். கடைக்காரரிடம் மாலை ஆறு மணிக்குப் போகாதீர்கள், வியாபார நேரம். பதினொன்றரை மணிக்குப் போனால் உட்கார வைத்துப் பேசுவார். வழிகாட்டியாக யார் கையெழுத்துப் போடலாம் என்று பல்கலைக்கழகம் தகுதி சொல்லியிருக்கும், பக்கத்துக் கல்லூரியின் வணிகவியல், மேலாண்மைத் துறையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தரவு சேகரிக்கும் முன் சினாப்சிஸுக்கு, அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கத்துக்கு, ஒப்புதல் வாங்குவது முக்கியம். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பழைய புராஜெக்ட்டைப் பெயர் மாற்றிக் கொடுக்கலாம் என்ற யோசனையே வேண்டாம், வேலைக்கான நேர்காணலில் உங்களிடம் கேட்கத் தகுந்த ஒரே விஷயம் அந்தப் புராஜெக்ட்தான்.

தேர்வும் அதற்குப் பிறகும்

டிசம்பர் தேர்வுக்கு மையம் தேர்ந்தெடுக்கும்போது மழையை நினைத்துக்கொள்ளுங்கள். கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு அந்தப் பகுதியில் பாதை சீராக எத்தனை நாள் ஆனது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அந்த ஊரை மையமாகப் போட்டு முந்தின நாளே போய்த் தங்குவது நிம்மதி.

மூன்று மணி நேரம் கையால் எழுதுவது, படிப்பை விட்டுப் பத்து வருடமான கைக்குப் பெரிய வேலை. பழைய கேள்வித்தாள்கள் பல்கலைக்கழகத் தளத்திலேயே கிடைக்கும், கடைசி மாதம் வாரம் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். மார்க்கெட்டிங் தாள்களில் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட ஒரு படம், ஒரு அட்டவணை, ஒரு உதாரணம் அதிகம் பேசும்.

தேறியதும் ஒவ்வொரு தாளின் மதிப்பெண்ணும் அசைன்மெண்ட் மதிப்பெண்ணும் ஏறியிருக்கிறதா என்று தளத்தில் பாருங்கள், அசைன்மெண்ட் மட்டும் ஏறாமல் விட்டுப்போவது அடிக்கடி நடக்கும், அந்த ரசீது அப்போதுதான் உதவும். தற்காலிகச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பட்டமளிப்புக்கு விண்ணப்பம் மூன்றையும் முடித்து டிஜிலாக்கரிலும் வந்துவிட்டதா என்று சரிபாருங்கள். விதை, உரம், டிராக்டர், மருந்து, இன்சூரன்ஸ், மளிகைப் பொருள் கம்பெனிகளின் ஏரியா சேல்ஸ் வேலைகளுக்கு டெல்டாவின் தெருவும் மக்களும் தெரிந்த ஆள் எப்போதும் தேவைப்படுகிறார், பயோடேட்டாவில் பட்டத்துக்குக் கீழேயே புராஜெக்ட் தலைப்பையும் எந்த ஊரில் எத்தனை பேரிடம் ஆய்வு செய்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். சொந்தக் கடை வைத்திருப்பவர் அந்த ஆய்வில் சேர்ந்த வாடிக்கையாளர் பதில்களை மறுபடி எடுத்து வைத்து, அடுத்த தீபாவளிச் சரக்கு ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு முறை படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.